37–49 தோல்வி: ஷூட்டிங்தான் பிரச்சினையா? கல்லூரிப் பெண்கள் அணியின் ஸ்கோர் ஷீட்டை எப்படி வாசிப்பது

டிக்கோயா_மிஸ் எழுதியது:

வணக்கம். ஹட்டன் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான் பொறுப்பு. பிள்ளைகள் 11 பேர், வயது 19 முதல் 22. இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்து ஆடியவர்கள். மைதானம் திறந்தவெளி சீமெந்துத் தளம். கிழமைக்கு மூன்று நாள், 2.30இலிருந்து 4.00 மணி வரை பயிற்சி. அதற்குமேல் வைத்திருந்தால் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியாது.

கடைசியாக ஆடிய போட்டியின் கணக்கு இது (10 நிமிடக் கால்பகுதி நான்கு).

நாங்கள்: 52 ஷொட்டில் 14 கூடை. அதில் மூன்று புள்ளி ஷொட் 11இல் 2. பிரீ த்ரோ 16இல் 7. தாக்குதல் ரீபவுண்ட் (எங்கள் தவறிய ஷொட்டை நாங்களே பிடித்தது) 9, தடுப்பு ரீபவுண்ட் (எதிரணியின் தவறிய ஷொட்டை நாங்கள் பிடித்தது) 25. டேர்ன் ஓவர் (ஷொட் எறியாமலே பந்தை இழந்தது) 27. மொத்தம் 37 புள்ளி.

எதிரணி: 66 ஷொட்டில் 20 கூடை. மூன்று புள்ளி ஷொட் 6இல் 1. பிரீ த்ரோ 14இல் 8. தாக்குதல் ரீபவுண்ட் 18, தடுப்பு ரீபவுண்ட் 28. டேர்ன் ஓவர் 22. மொத்தம் 49.

கால்பகுதி வாரியாக 11–10, 12–13, 9–11, 5–15.

எங்கள் பொயின்ட் கார்ட் பிள்ளை (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவள்) மட்டும் 15 புள்ளி எடுத்தாள். மற்றவர்கள் யாரும் 6ஐத் தாண்டவில்லை. 52இல் 14 என்றால் 27 வீதம்தானே. அதனால் வரும் ஆறு கிழமையும் பயிற்சியில் பாதி நேரத்தை ஷூட்டிங்குக்கே ஒதுக்கலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த போட்டி கொழும்பில், உள்ளரங்கில். அனுபவமுள்ளவர்கள் இந்த ஷீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்: நான் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறேனா?

*

பேராதனை_ஸ்கோரர் எழுதியது:

மிஸ், ஷீட்டை முழுதாகப் போட்டதற்கு முதலில் நன்றி. நிறையப் பேர் புள்ளியை மட்டும் எழுதிவிட்டு ஆலோசனை கேட்பார்கள்.

உங்கள் ஷூட்டிங் 27 வீதம். எதிரணியின் ஷூட்டிங் எவ்வளவு? 66இல் 20, 30 வீதம். மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாக எண்ணிப் பார்த்தாலும் நீங்கள் 28.8, அவர்கள் 31.1. அவர்களும் உங்களைப் போலவே தவறவிட்டார்கள். 12 புள்ளி வித்தியாசம் அங்கிருந்து வரவில்லை.

அவர்கள் 66 தடவை எறிந்தார்கள், நீங்கள் 52 தடவை. 14 ஷொட் குறைவு. அந்த 14ஐயும் உங்கள் ஷீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தாக்குதல் ரீபவுண்ட் அவர்களுக்கு 18, உங்களுக்கு 9, அதில் 9 போனது. டேர்ன் ஓவர் உங்களுக்கு 27, அவர்களுக்கு 22, அதில் 5 போனது. 9ம் 5ம் 14.

இதை ஒவ்வொரு போட்டிக்கும் சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு. ஓர் அணிக்கு எத்தனை தடவை தாக்கும் வாய்ப்புக் கிடைத்தது என்பதை இப்படிப் போடுங்கள்:

ஷொட் − தாக்குதல் ரீபவுண்ட் + டேர்ன் ஓவர் + (0.44 × பிரீ த்ரோ)

0.44 எதற்கென்றால், ஒரு ஃபவுலுக்கு இரண்டு பிரீ த்ரோ எறிந்தாலும் அது ஒரே வாய்ப்புத்தான். கூடை விழுந்து கூடுதலாக ஒன்று எறிவதும் உண்டு. எல்லாம் சேர்ந்து சராசரியாக அந்த அளவுக்கு வருகிறது. உங்களுக்கு 52 − 9 + 27 + 7 = 77. எதிரணிக்கு 66 − 18 + 22 + 6 = 76. இரு அணிக்கும் வாய்ப்பு எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக வரவேண்டும், ஏனென்றால் பந்து மாறி மாறித்தான் போகும். நான்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஸ்கோர் எழுதியவர் எதையோ தவறவிட்டார் என்று அர்த்தம். உங்கள் ஷீட் நம்பத்தக்கது.

இனி நான்கு எண்களை மட்டும் பாருங்கள்.

எறிதலின் தரம்: 28.8க்கு 31.1. சிறிய வித்தியாசம்.

டேர்ன் ஓவர் வீதம்: 77 வாய்ப்பில் 27, அதாவது 35 வீதம். மூன்று முறை பந்து எடுத்துப் போனால் ஒரு முறை எறியாமலே திரும்பி வருகிறீர்கள். அவர்களுக்கு 29.

ரீபவுண்ட்: நீங்கள் தவறவிட்டதில் உங்கள் கைக்கே திரும்பியது 37இல் 9, 24 வீதம். அவர்கள் தவறவிட்டதில் அவர்களே மீட்டது 43இல் 18, 42 வீதம். எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை இதுதான்.

பிரீ த்ரோ: 16இல் 7. பத்து விழுந்திருந்தால் 3 புள்ளி கூடியிருக்கும். கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அவசரமில்லை.

ஆகவே பாதி நேரத்தை ஷூட்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். ஆறு கிழமையில் ஷூட்டிங் 27இலிருந்து 30 ஆகலாம். அதே ஆறு கிழமையில் டேர்ன் ஓவரை 27இலிருந்து 19ஆக இறக்குவது அதைவிட எளிது. அதற்குக் கையின் நுணுக்கம் தேவையில்லை, பழக்கம் மாறினால் போதும்.

15 புள்ளி எடுத்த பிள்ளையைப் பற்றியும் கேட்க வேண்டும். அவள் எத்தனை ஷொட் எறிந்தாள்? அவளுக்கு எத்தனை டேர்ன் ஓவர்?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஏப்ரலில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதிப் போட்டியைப் பாருங்கள். ஐயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க் 30 புள்ளி எடுத்தார், முதல் கால்பகுதியில் மட்டும் 18. ஆனாலும் சவுத் கரோலைனா 87–75 என வென்றது. கிளார்க் 28 ஷொட்டில் 10தான் போட்டார். ரீபவுண்ட் 51–29. மாற்று வீராங்கனைகள் எடுத்த புள்ளி 37–0. சவுத் கரோலைனாவின் கமிலா கார்டோசோ 15 புள்ளிதான் எடுத்தார், ஆனால் 17 ரீபவுண்ட் பிடித்தார். அதிகப் புள்ளி எடுத்தவர் தோற்ற அணியில் இருந்தார். மட்டம் வேறாக இருந்தாலும் உங்கள் ஷீட்டுக்கும் அந்த ஷீட்டுக்கும் உருவம் ஒன்றுதான்.

*

டிக்கோயா_மிஸ் எழுதியது:

9ம் 5ம் 14 என்பதைப் பார்த்ததும் ஷீட்டைத் திரும்ப எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.

பொயின்ட் கார்ட்: 21 ஷொட்டில் 5 கூடை, மூன்று புள்ளி ஷொட் 6இல் 1, பிரீ த்ரோ 6இல் 4. டேர்ன் ஓவர் 8.

போட்டியை மேட்டு வரம்பிலிருந்து போனில் எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்து 27 டேர்ன் ஓவரையும் பிரித்தேன். எதிரணி முழு மைதானத்தில் பிரஸ் செய்தபோது (மறுபாதிக்குப் போகவிடாமல் நெருக்கி மறிப்பது) எங்கள் பாதியிலேயே பறிபோனது 11, அதில் 3 எட்டுச் செக்கன் விதி (அதற்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும்). டிராவலிங் (பந்தோடு விதிமீறிக் காலெடுத்து வைப்பது) 7. வளையத்துக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்குக் கொடுத்த பாஸ் பறிபோனது 5. மிச்சம் 4 மூன்று செக்கன் விதி (எதிரணி வளையத்துக்குக் கீழுள்ள பகுதியில் அதற்கு மேல் நிற்பது), சார்ஜிங் (தடுப்பவள் மேல் மோதுவது), கோட்டை மிதித்தது.

அவர்களுடைய 18 தாக்குதல் ரீபவுண்டில் 12இல் எங்கள் பிள்ளைகள் யாரும் எதிராளியைத் தொடவே இல்லை. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

*

பிவட்_பதுளை எழுதியது:

மிஸ், நீங்கள் முதல் பதிவில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் முழுக் காரணமும் இருக்கிறது: "மற்ற எல்லோரும் வலைப்பந்து ஆடியவர்கள்." மலையகத்தில் பெண்கள் அணி என்றால் அநேகமாக இப்படித்தான். வலைப்பந்தில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை 2018இலும் 2022இலும் வென்ற நாடு, எந்தப் பாடசாலையிலும் அந்தக் கம்பம் இரண்டு நிற்கும். அங்கே கற்ற பழக்கத்தை இங்கே குற்றமாகப் பார்த்துத் திட்டினால் பிள்ளைகளுக்கு ஏன் என்றே புரியாது. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

டிராவலிங். வலைப்பந்தில் பந்தைப் பிடித்து ஒரு காலில் இறங்கினால், மற்றக் காலை எடுத்து வைத்து, இறங்கிய காலைத் தூக்கலாம். அது திரும்பத் தரையில் படுவதற்குள் பந்தை விட்டால் போதும். கூடைப்பந்திலும் பாஸ் கொடுக்கவோ ஷொட் எறியவோ அப்படித் தூக்கலாம். ஆனால் டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) தொடங்குவதானால் பிவட் கால், அதாவது ஊன்றி நிற்கும் கால், தரையை விட்டு எழும்பு முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். வலைப்பந்தில் டிரிபிளே கிடையாது என்பதால் அந்த வித்தியாசம் அவர்கள் உடம்பில் பதியவில்லை. உங்கள் 7 டிராவலிங்கில் எத்தனை டிரிபிள் தொடங்கும் நேரத்தில் விழுந்தது என்று வீடியோவில் பாருங்கள். பாதிக்கு மேல் இருக்கும் என்பது என் கணிப்பு.

திருத்துவது இப்படி. இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் இறங்கிப் பிடிக்கப் பழக்குங்கள். முழங்கால் மடிந்து, பந்து நாடிக்குக் கீழே. பிறகு "பந்து, கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொடங்கட்டும்: பந்து தரையில் படும் சத்தம் முதலில், கால் எடுப்பது பிறகு. ஒவ்வொருத்தரும் வலப்பக்கம் 10, இடப்பக்கம் 10. இரண்டு கிழமைக்குத் தினமும் ஐந்து நிமிடம். ஈரச் சீமெந்தில் இதைச் செய்ய வேண்டாம், பிவட் கால் வழுக்கும், சரியாகச் செய்தவளும் டிராவலிங் ஆவாள். தளத்தில் பாசி பிடித்திருந்தால் முதல் நாளே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

ரீபவுண்ட். வலைப்பந்தில் எதிராளி மேல் படுவதே தவறு, பந்து வைத்திருப்பவளிடமிருந்து 0.9 மீற்றர் விலகி நிற்க வேண்டும். பத்து வருடம் "தொடாதே" என்று பழகிய பிள்ளையிடம் இப்போது "உன் முதுகால் அவளைத் தடுத்து நில்" என்கிறோம். அவள் பந்தைப் பார்த்து நிற்பது சோம்பலால் இல்லை.

இப்படித் தடுத்து நிற்பதற்குப் பெயர் பொக்ஸ் அவுட். அதை இந்த வரிசையில் சொல்லிக் கொடுங்கள். ஷொட் எழும்பியதும் பந்தை விட்டுத் தன் ஆளைத் தேட வேண்டும். அவளை நோக்கி ஓர் அடி. மடக்கிய முன்கையால் அவள் நெஞ்சு உயரத்தில் தொட்டு, எங்கே இருக்கிறாள் என்று உணர வேண்டும், தள்ளக் கூடாது. அந்தக் காலை ஊன்றித் திரும்பி, இடுப்பைத் தாழ்த்தி, முதுகுக் கீழ்ப்பகுதியை அவள் தொடையோடு வைக்க வேண்டும். கை இரண்டும் தோளுக்கு மேலே, விரல் விரிந்து. அதற்குப் பிறகுதான் பந்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் திரும்பும்போதே நிமிர்ந்துவிடுவார்கள். இடுப்பு உயர்ந்தால் பின்னால் இருப்பவள் ஒரு தோள் அசைவில் முன்னே வந்துவிடுவாள்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி: மூன்றுக்கு மூன்று. நீங்கள் வேண்டுமென்றே தவறும்படி எறியுங்கள். தடுப்பவர்கள் பந்தைப் பிடிக்கக் கூடாது. பந்து தரையில் இரண்டு தடவை துள்ளும்வரை தாக்குபவர்களைப் பின்னால் வைத்திருந்தால் தடுப்பவர்களுக்கு ஒரு புள்ளி. நான்கு நிமிடம், பிறகு பக்கம் மாறட்டும். பிடிக்கத் தடை போட்டதும் எல்லோருடைய கண்ணும் தானாக ஆளின் மேல் போகும்.

ஷூட்டிங்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வளையத்தின் உயரம் இரண்டு ஆட்டத்திலும் 3.05 மீற்றர்தான், ஆனால் வலைப்பந்தில் பலகை இல்லை. அதனால் பக்கத்திலிருந்து லே-அப் (ஓடிவந்து வளையத்துக்குக் கிட்ட எறிவது) போகும்போதும் உங்கள் பிள்ளைகள் வளையத்தை நேரே குறிவைப்பார்கள். பலகையில் உள்ள சதுரத்தின் மேல் மூலையைக் காட்டிக் கொடுங்கள். வேறெதையும் மாற்றாமலே கிட்ட நின்று எறியும் ஷொட் கூடும்.

*

கால்பகுதி_4 எழுதியது:

பிரஸ்ஸில் போன 11ஐப் பற்றி எழுதுகிறேன், அதை யாரும் இன்னும் தொடவில்லை.

பிவட் சொன்ன வலைப்பந்துப் பழக்கம் இங்கே உங்களுக்குப் பலம், மிஸ். டிரிபிள் இல்லாமல், ஓடிப் பிடித்து, நின்று, மூன்று செக்கனுக்குள் பாஸ் கொடுத்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பிரஸ்ஸை உடைக்கத் தேவையானதும் அதுதான். ஆனால் நீங்கள் பொயின்ட் கார்டிடம் பந்தைக் கொடுத்து அவளே டிரிபிள் செய்து கொண்டுவரட்டும் என்று விட்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். அவளுடைய 8 டேர்ன் ஓவரும் அதைத்தான் சொல்கிறது. அவள் ஓரக் கோட்டை நோக்கி ஓடுவாள், அங்கே இருவர் மறிப்பார்கள், கோடு மூன்றாவது ஆளாக நிற்கும்.

இப்படி நிறுத்துங்கள். கூடை விழுந்த பிறகு உள்ளே எறிபவள் அடிக்கோட்டுக்கு வெளியே எவ்வளவு தூரமும் ஓடலாம், 5 செக்கன் இருக்கிறது. இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது, நின்ற இடத்திலேயே தவிப்பார்கள். பலகையின் பின்பக்கத்தை விட்டு விலகி எறியட்டும். பெறுபவர் இருவர் பிரீ த்ரோக் கோட்டின் இரு முனையிலும். நான்காமவள் மைதான நடுவில், நடு வட்டத்துக்குச் சற்று இப்பால். ஐந்தாமவள் மறுபாதியில் ஆழத்தில். பந்தைப் பிடித்தவள் உடனே டிரிபிள் செய்யக் கூடாது. பிவட் செய்து முகத்தைத் திருப்பி முதலில் நடுவைப் பார்க்க வேண்டும், அது அடைபட்டிருந்தால் எறிந்தவளை நோக்கிப் பின்னால், அங்கிருந்து மறுபக்கம். நடுவில் இருப்பவள் நின்றுகொண்டு கேட்கக் கூடாது, பந்தை நோக்கி ஓடி வந்து பிடிக்க வேண்டும். மூன்று பாஸில் நடுக்கோட்டைத் தாண்டிவிடலாம். 8 செக்கன் தாராளம்.

பயிற்சியில் தாக்குபவர் ஐந்து, தடுப்பவர் ஏழு. உங்களிடம் இருப்பது 11 பேர், ஆகவே தடுப்பவர் ஆறு, ஏழாவதாக நீங்கள் நில்லுங்கள். முதல் கிழமை டிரிபிள் முற்றாகத் தடை. இரண்டாம் கிழமை ஒரு துள்ளலுக்கு அனுமதி. பத்துத் தடவையில் ஏழு தடவை தாண்டினால்தான் அடுத்த கட்டம்.

இணையத்தில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தின் பிரஸ் வீடியோக்கள் நிறைய உண்டு. பார்த்துக் காட்டுங்கள், ஆனால் விதி வேறு என்பதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். அவர்களுக்கு நடுக்கோட்டைத் தாண்ட 10 செக்கன், எங்களுக்கு ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி 8. ஒரு வாய்ப்பில் ஷொட் எறிய உள்ள நேரத்தைக் காட்டும் ஷொட் கடிகாரம் அவர்களுக்கு 30 செக்கன், எங்களுக்கு 24. அங்கே எட்டாவது செக்கனில் நிதானமாகக் கொடுக்கும் பாஸ் இங்கே விசிலில் முடியும். 10 நிமிடக் கால்பகுதி நான்கு என்பது 2015–16 பருவத்திலிருந்து அவர்களுக்கும் உண்டு, அதனால் கால்பகுதி எண்களை ஒப்பிடுவதில் தடையில்லை. மூன்று புள்ளிக் கோடும் 2021–22இலிருந்து 6.75 மீற்றர்தான்.

பேராதனை_ஸ்கோரருடன் ஓர் இடத்தில் உடன்படவில்லை. 21இல் 5 என்பதை வைத்து அந்தப் பிள்ளையின் ஷொட்டைக் குறைக்கச் சொல்லி விடாதீர்கள். அந்த 21இல் எத்தனை, கடிகாரத்தில் ஐந்து செக்கனுக்குக் குறைவாக இருந்தபோது எறியப்பட்டவை? மற்றவர்கள் எறியத் தயங்கிப் பந்தைத் திருப்பி அவளிடமே கொடுத்தால், கடைசியில் வரும் கெட்ட ஷொட் எல்லாம் அவள் பெயரில்தான் ஏறும். அவளுடைய எண் மற்ற நால்வரின் தயக்கத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

*

பேராதனை_ஸ்கோரர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஷொட் எறிந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். ஒரு போட்டியின் ஷூட்டிங் வீதத்தை ஒரு பிள்ளையின் தரமாக எடுக்கவே கூடாது. உண்மையில் 30 வீதம் போடக்கூடியவள் 20 ஷொட் எறிந்தால், வெறும் தற்செயலிலேயே 20 வீதமாகவும் வரும், 40 வீதமாகவும் வரும். நூறு ஷொட் சேரும்வரை பொறுங்கள். டேர்ன் ஓவர் வகையும் பொக்ஸ் அவுட்டும் அப்படி இல்லை, இரண்டு போட்டியிலேயே உருவம் தெரிந்துவிடும்.

ஸ்கோர் எழுத ஒரு முறை: சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஒரு கால்பகுதி. பெஞ்சில் இருக்கும் இருவர், ஒருத்தி ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல மற்றவள் எழுத வேண்டும். ஒருத்தியே இரண்டையும் செய்தால் குனிந்து எழுதும் நேரத்தில் அடுத்த ரீபவுண்ட் போய்விடும். டேர்ன் ஓவருக்குக் கோடு போடாமல் எழுத்துப் போடுங்கள்: ப என்றால் பாஸ், ந என்றால் நடை, பி என்றால் பிரஸ்ஸில் பறிபோனது, நே என்றால் நேர விதி. ஷொட்டுக்குப் பக்கத்தில், கடைசி ஐந்து செக்கன் என்றால் அடையாளமாக ஒரு குத்து வையுங்கள்.

மேட்டு வரம்பிலிருந்து எடுத்தது நல்லது. மலையைச் சரித்து வெட்டிய மைதானங்களில் அந்த உயரம் சும்மா கிடைக்கிறது, கீழே நின்று எடுத்தால் யார் யாரைத் தடுத்தார்கள் என்பதே தெரியாது. நடுக்கோட்டுக்கு நேரே, போனைக் கிடையாக வைத்து, 720இல் எடுங்கள். முழு வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பிள்ளைகளின் டேட்டா போய்விடும். 10 செக்கன் துண்டுகள் ஆறு போதும், அதில் இரண்டாவது சரியாகச் செய்ததாக இருக்கட்டும்.

*

உடற்கல்வி_பண்டாரவளை எழுதியது:

மிஸ், எல்லோரும் பந்தைப் பற்றியே பேசுகிறார்கள். நான் 5–15 என்ற கடைசிக் கால்பகுதியைப் பற்றிக் கேட்கிறேன். ஆரம்ப ஐவரும் எத்தனை நிமிடம் ஆடினார்கள்? மூன்று கால்பகுதி ஈடுகொடுத்து நான்காவதில் இப்படி விழுவது திறமைக் குறைவால் இல்லை. முதலில் மாற்று ஆட்டத்தைப் பாருங்கள். 11 பேர் இருக்கும்போது எட்டுப் பேராவது முதல் பாதியிலேயே ஐந்து நிமிடம் வீதம் இறங்க வேண்டும்.

இரண்டாவது, இரத்தச் சோகை. எங்கள் பிரதேசத்துப் பெண் பிள்ளைகளிடம் இதை விட்டுவிட்டு உடற்தகுதியைப் பேச முடியாது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் எவ்வளவு ஓடவிட்டாலும் மூச்சுத்தான் வாங்கும், தாக்குப்பிடிக்கும் சக்தி வராது. உயரமான இடத்தில் வாழ்பவர்களுக்கு அந்த எல்லை இன்னும் சற்று மேலே. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்டு முழு அணிக்கும் ஒரே நாளில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், முடிவை ஒவ்வொருத்தரிடமும் தனியாகச் சொல்லுங்கள். சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். தேயிலையில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுக்கவிடாது. தேசிக்காய் பிழிந்த சம்பலோ ஒரு கொய்யாப்பழமோ சாப்பாட்டோடு இருந்தால் நேர் எதிராக உதவும். இரும்புக் குளிசையை வைத்தியர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

மூன்றாவது, முழங்கால். திடீரென்று நிற்பதிலும் துள்ளி இறங்குவதிலும் ஏ.சி.எல். தசைநார் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே நடக்கும். வலைப்பந்துக்காரிகள் கால் நேராக, விறைத்து இறங்குவார்கள். சீமெந்தில் அது இன்னும் கெடுதல். முன்னே நின்று பாருங்கள்: இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்நோக்கி ஒன்றையொன்று பார்த்து வளைந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேரே போக வேண்டும். ஒவ்வொரு பயிற்சியின் முதல் 15 நிமிடமும் இதற்குத்தான்: மெல்லோட்டம், ஒற்றைக் காலில் நின்று பாஸ், குந்தி எழுதல், தடித்த தரை விரிப்பில் முழங்காலில் நின்று முன்னே சாய்ந்து தொடையின் பின்தசைக்கு வேலை, கடைசியாகத் துள்ளிச் சத்தமில்லாமல் இறங்குதல். மழை நாளில் மண்டபத்துக்குள் இதை மட்டுமாவது செய்யுங்கள். கிழமைக்கு இரண்டு தடவைக்குக் குறைந்தால் பயன் இல்லை.

எண்களைத் தகவல் பலகையில் ஒட்ட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 27 டேர்ன் ஓவருக்கு யார் யார் பொறுப்பு என்று பெயரோடு ஒட்டினால், அடுத்த போட்டியில் யாரும் பந்தைக் கேட்க மாட்டார்கள், பொயின்ட் கார்டின் சுமை இன்னும் கூடும். ஒரு பிள்ளைக்கு ஓர் எண், தனியாக, அவள் மாற்றக்கூடிய எண். "நீ இன்று எட்டுத் தடவை பொக்ஸ் அவுட் செய்தாய், அடுத்த தடவை பன்னிரண்டு" என்றால் அது அவள் கையில் இருக்கிறது. "நீ 4 புள்ளிதான்" என்றால் அவள் எதைச் செய்வாள்?

*

டிக்கோயா_மிஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். 7 டிராவலிங்கில் 5 டிரிபிள் தொடங்கும்போதுதான், பிவட் சொன்னது சரி. பொயின்ட் கார்டின் 21 ஷொட்டில் 9 கடைசி ஐந்து செக்கனில். ஆரம்ப ஐவரில் நால்வர் 36 நிமிடத்துக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். அது என் தவறு.

90 நிமிடத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன்: உடம்பு ஆயத்தமும் இறங்கும் பயிற்சியும் 15, பந்து–கால் 5, பிரஸ் உடைப்பு 20, பொக்ஸ் அவுட் 15, லே-அப் பலகையோடு 10, ஐந்துக்கு ஐந்து 20, கடைசி 5 குளிர்விப்பு. பிரீ த்ரோவை எங்கே வைப்பது?

*

கால்பகுதி_4 எழுதியது:

தனியாக வைக்காதீர்கள். ஐந்துக்கு ஐந்து நடக்கும்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் அடித்து, இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு எறியட்டும். மூச்சு வாங்கும்போது எறிவதுதான் போட்டியில் வருவது. வரிசையாக இருபது எறிந்தால் ஐந்தாவதிலிருந்து கை தானாகப் போகும், போட்டியில் அந்த ஐந்தாவது வராது. பந்து கைக்கு வந்ததிலிருந்து 5 செக்கனுக்குள் எறிய வேண்டும் என்பதையும் எண்ணுங்கள்.

*

பிவட்_பதுளை எழுதியது:

கொழும்பில் ஆடுகிறீர்கள் என்பதால் ஒன்று. 6ஆம் அளவுப் பந்திலேயே பயிற்சி செய்கிறீர்கள்தானே? 7ஆம் அளவு ஆண்களுக்கு, சுற்றளவு ஓர் அங்குலம் கூட. ஸ்டோர் அறையில் இரண்டும் கலந்து கிடக்கும்.

உங்கள் பந்தையே கீழே கொண்டுபோய்ச் சூடேற்றும் பயிற்சி செய்வதானால், காற்றை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே, வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. 20 பாகைக் குளிரில் 8 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு நிரப்பிய பந்து, கொழும்பின் 30 பாகையிலும் ஆறரைக்குத்தான் வரும். சூடு அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் கடல் மட்டத்துக் காற்று வெளியிலிருந்து அதைவிட அதிகமாக அழுத்துகிறது. அப்படிப்பட்ட பந்தில் அரை மணித்தியாலம் டிரிபிள் செய்துவிட்டு இறுக்கமான போட்டிப் பந்தைத் தொட்டால் முதல் ஐந்து நிமிடம் கைக்குள் நிற்காது. மறுவளமாக, கொழும்பில் நிரப்பிய பந்தை மேலே கொண்டுவந்தால் கல்லாக இருக்கும், வளையத்தில் பட்டுத் தூரம் போய் விழும்.

அளவுமானி இல்லாவிட்டால், பந்தின் அடிப்பக்கம் 1.8 மீற்றரில் இருக்கும்படி பிடித்து விடுங்கள், உயரமான ஒருத்தியின் தலைக்குச் சற்று மேலே. துள்ளி எழும்பும்போது பந்தின் மேற்பக்கம் 1.2க்கும் 1.4க்கும் இடையில், அவள் நெஞ்சளவுக்கு வந்தால் சரி. பம்பையும் இரண்டு ஊசியையும் பையில் போடுங்கள், ஊசியை நனைத்துவிட்டுக் குத்துங்கள். காய்ந்த ஊசி வால்வு ரப்பரைக் கிழித்துவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் ஒரு மணித்தியாலத்தில் இறங்கிவிடும்.